சொம்புக்குள் ஒன்பது உலகங்கள்

ஐப்பசி 21, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. ஏரி கரையேறி வந்து என் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றதை வைத்து என்ன செய்ய. அதையும் தூக்கி எறிந்தேன், ஜோடியாவது சேரட்டும்.

செய்ய வேண்டியவை: வலையில் கிழிசல். பெண்டாட்டி மல்லிகாவுக்கு முட்டிவலி மாத்திரை. பொன்னேரி போய்ப் புத்தகம் வாங்குதல்.

முதல் இரண்டும் ஆகவில்லை. மூன்றாவது ஆயிற்று. உலக இலக்கியம் எழுந்து நின்று வேட்டியை இறக்கிவிட வேண்டிய நாள். என் நூல் வெளிவந்தது: 'ஒன்பது அப்பாலுலகங்கள்'. தொண்ணூற்றாறு பக்கம், சுருள் கம்பி, மேலே பளபள அட்டை. அக்கா மகள் பவானி பொன்னேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளே டைப் அடித்து, படம் வரைந்து, ஏழு பிரதி போட்டாள். நெட்டிலும் ஏற்றிவிட்டாள், இலவசம்.

"மாமா, பிரேசில்ல ஒருத்தன் எடுத்துக்கீறான்."

"தமிழ் தெரியுமா அவனுக்கு?"

"தெரியாது. படம் சூப்பரா கீதாம்."

பிற்காலத்தாருக்கு ஒரு விளக்கம். இந்த விளையாட்டை ரெண்டு வருஷம் முன்பு குப்பத்துக்குள் கொண்டுவந்தவளும் பவானிதான். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் வாயாலேயே சாகசம் செய்வார்கள். சண்டை வந்தால் பகடை. வெள்ளைக்காரன் போட்ட மூலநூலில் மனிதர் உலகத்துக்கு அப்பால் நெருப்புலகம், காற்றுலகம், நீருலகம் என்று வரிசையாக இருக்கிறது. நீருலகத்தை பவானி படித்துச் சொல்லக் கேட்டேன். எழுதியவன் குளிக்கும்போதுகூடத் தண்ணீரைப் பார்த்தவனில்லை. சேறு இல்லை, நாற்றம் இல்லை, உள்ளங்காலைக் கிழிக்கும் சிப்பி இல்லை. அன்று எடுத்தேன் பேனாவை. ரெண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. மூன்று பேனா செத்தது.

என் உலகங்களில் சில:

கழுத்தளவு. எங்கே நின்றாலும் தண்ணீர் கழுத்துவரை. குள்ளனுக்கும் கழுத்து, ராட்சசனுக்கும் கழுத்து.

சிப்பித்திட்டு. கத்தி முளைக்கும் வயல்.

நண்டோடை. ராஜா நண்டு. தீர்ப்பெல்லாம் பக்கவாட்டில்தான்.

அம்மன் வாய். எருமை அளவு இறால். மீசையால் வானத்தைத் துடைத்துவிட்டுப் போகும்.

பெயர்கள் புதிதாக யோசிக்கவில்லை. எங்கள் குப்பத்து ஒன்பது படகும் ஏரியில் வலை போடும் ஒன்பது இடங்களின் பெயர்தான். எந்த உலகத்தின் கதவு யாருக்குத் திறக்கும் என்பதற்கும் பகடை வைக்கவில்லை. ஏரியில் வலை போடும் உரிமைக்கு எங்கள் பக்கம் பாடு என்று பெயர். அந்தப் பாடு முறைப்படி சொம்பில் சீட்டுப் போட்டு எடுப்பது. பதினோராம் பக்கம்: 'கதை நடத்துபவனுக்குச் சீட்டு கிடையாது. அவன் ஒன்பது உலகத்துக்கும் அதிபதி.' எழுதிய அன்று எனக்கே புல்லரித்தது.

ஐப்பசி 23, ஞாயிறு

மழை விட்டது. கொசு விடவில்லை. பருந்து சைஸ்.

மத்தியானம் எங்கள் வீட்டில் ஆட்டம். புது நூலின் முதல் அரங்கேற்றம். வந்தவர்கள்: பவானி. நண்டு வியாபாரி பாஷா, ஐஸ் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு. மல்லிகாவின் தம்பி ஏழுமலை, இனி ஏ.ம., முழுப் பெயர் எழுதுமளவு பெரிய மனுஷன் இல்லை. மல்லிகா கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இது நடந்திராது.

அலுமினிய டம்ளரில் சீட்டுப் போட்டுப் பார்த்தேன். டீக்கடை மாதிரி இருந்தது. ஒன்பது உலகத்தின் கதவு டீக்கடை டம்ளரிலா? சாமி மாடத்தைப் பார்த்தேன். ஊர்ச் சொம்பு. மஞ்சள் துணி கட்டி உட்கார்ந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு வீடு அதைக் காவல் காக்கும், இந்த வருஷம் என் வீடு. வருகிற புதன்கிழமை ஊர்ச் சீட்டு. எந்தப் படகுக்கு எந்த இடம் வருகிறதோ, இறால் பருவம் முழுக்க அந்தப் படகு அங்கேதான்.

துணியை அவிழ்த்தேன். உள்ளே ஒன்பது சீட்டு ஊர்த் தலைவர் கையெழுத்தில் தயாராக இருந்தது. எழுதும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். இந்த மூளையை அரசாங்கம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட வேண்டும்.

பவானி, "மாமா, அது ஊர் சொம்பு. வோணாம்."

"அடியே, இன்னிக்கு அது அண்டசராசரத்துக்கே சொம்பு."

எடுத்தார்கள். பாஷாவுக்கு நண்டோடை. "தொழிலுக்குத் தோதாத்தான் வந்துகீது நைனா" என்றார். பவானிக்குச் சிப்பித்திட்டு. ஏ.ம.வுக்கு அம்மன் வாய். அவன் போட்ட கூச்சலில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் கொக்கு எழும்பியிருக்கும். அவன் வேஷம் அக்கினிச்சடையன், மந்திரவாதி. எருமை இறாலின் முதுகில் ஏறி, மீசையைக் கடிவாளமாகப் பிடித்து மூன்று மணிநேரம் சவாரி. போன வருஷம் அக்கினிச்சடையன் சாகக் கிடந்தபோது பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கண் கலங்கினவன் இவன். இன்று பார்க்க நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

முடிந்ததும் மற்ற இருவரும் சீட்டைச் சொம்பில் போட்டார்கள். ஏ.ம. சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் குட்த்துட்றேன் மாமா. ராத்திரிக்குத் தலமாட்டுல வச்சிக்கினு படுக்கிறேன்."

சிரித்தேன். துணியைக் கட்டினேன். உள்ளே எட்டு.

ஐப்பசி 24, திங்கள்

வானம் மூட்டம். மாத்திரை வாங்கவில்லை, மல்லிகா கேட்கவும் இல்லை. கேட்காததுதான் பயம்.

காலையில் ஏ.ம. வீட்டுக்குப் போனேன். இல்லை. படகில் பார்த்தேன். இல்லை. தலைவர் வீட்டு வாசலில் அவன் சைக்கிள்.

அவனே போய்க் காட்டியிருக்கிறான். "என் சீட்டு வந்துட்ச்சு, அம்மன் வாய்" என்று.

அம்மன் வாய்தான் ஏரியிலேயே கொழுத்த இடம். முகத்துவாரத்து ஓட்டம் நேராக வந்து விழும். ஊரே அதற்காகத்தான் விரதம் இருக்கிறது. ஆனால் பாட்டுக்காரன், அதாவது பாடு உள்ளவன், சொம்பிலிருந்து ஒருமுறை எடுத்த சீட்டு மறுபடி உள்ளே போகக் கூடாது. போனால் முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும். அது எங்கள் ஊரில் நம்பிக்கை இல்லை, பயம். அது ஏ.ம.வுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஞாயிறு மத்தியானம் மட்டும் தெரியவில்லை.

மல்லிகாவிடம் சொன்னேன். சட்டி கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஊர் சொம்புல கைய வுட்டியா நீ?"

"விளையாட்டுக்கு..."

"அவனுக்கு மூணு வருசமா சேத்து எடம்தான் வந்துச்சு. புள்ளைங்க கீது. அவன இன்னா சொல்ற?"

தம்பியை ஒரு வார்த்தை சொல்ல விடவில்லை.

ஐப்பசி 25, செவ்வாய்

ஊர்க் கூட்டம். அம்மன் கோயில் தகரக் கொட்டகை. தகரத்தில் மழை, ஆளாளுக்குக் கத்த வேண்டியிருந்தது. கத்துவதற்கு யாரும் சலிக்கவில்லை.

தலைவர் ஏ.ம.வைக் கேட்டார். "விளையாட்டுன்னு சொல்றாரே உங்க மாமா?"

"எனக்கு வெளாட்டெல்லாம் இன்னா தெரியுங்க? மாமா கூப்ட்டாரு, போனேன். சொம்ப நீட்டுனாரு, எடுத்தேன். சொம்பு அவர் காவல்தானே. ஊர்ல சொல்லித்தான் நீட்டுறாருனு நெனச்சேன்."

ரெண்டு வருஷம். எத்தனை ஞாயிறு. எருமை இறால். ஒன்றும் தெரியாதாம். என் முகத்தைப் பார்த்தே சொன்னான். அதற்குத் தனித் திறமை வேண்டும், என் ஒன்பது உலகத்தில் எந்த அரக்கனுக்கும் நான் அதைக் கொடுத்ததில்லை.

பாஷா எழுந்தார். "நானும்தான் எடுத்தேன். நண்டு ராஜா தர்பாருக்குப் போனேன். சத்தியமா வெளாட்டுங்க."

"பாயி, உங்களுக்கு ஏரியில பாடு கீதா?"

"இல்ல."

"அப்ப நீங்க எடுத்ததும் சீட்டு இல்ல. குந்துங்க."

பவானி கடையை மூடிவிட்டு வந்திருந்தாள், கையில் நூலோடு. விளையாட்டு என்பதற்குச் சாட்சி அதுதானே. "தலைவரே, படிச்சிப் பாருங்க, எல்லாம் கதை, மாமா எழுதனது" என்று நீட்டினாள். என்னைக் காப்பாற்றத்தான் கொண்டுவந்தாள், பாவம்.

தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டினார். ஒன்பது இடத்தின் பெயரும் வரிசையாக. பதினோராம் பக்கத்தில் நின்றார். சத்தமாகப் படித்தார். தகரத்து மழைகூட அந்த நேரம் பார்த்துக் குறைந்தது.

"'கதை நடத்துபவனுக்குச் சீட்டு கிடையாது.' நீ எழுதனதுதானே தேசிங்கு?"

"நான்தான்."

"சீட்டு எடுக்குற மொறைய நீயே எழுதி, நீயே நடத்திக்கீற. ஏழுமலை பாட்டுக்காரன், சொம்புல எடுத்துக்கீறான், செல்லும். காவல்காரன் நாளுக்கு முன்ன துணிய அவுத்தா அவனுக்கு அந்த வருசம் பாடு இல்ல. அது எங்க மொற. உன் பொஸ்தகமும் அத்தத்தான் சொல்லுது. நான் இன்னா பண்ணட்டும்?"

கெட்ட மனுஷன் இல்லை அவர். பின்னாலிருந்து எவனோ: "ஒம்போது ஒலகத்துக்கு அதிபதி, ஒரு முழம் தண்ணிக்கு வழியில்ல." கொட்டகையே சிரித்தது. அவன் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் நன்றாக.

இந்த இறால் பருவம் என் படகு கரையில். தை முடியும்வரை.

ஐப்பசி 26, புதன்

வெயில். வேண்டுமென்றே.

காவல்காரன் என்பதால் சொம்பை நான்தான் ஏந்தி நிற்க வேண்டும், அதுவும் முறை. நின்றேன். ஏழு பேர் வந்தார்கள், கண்ணை மூடினார்கள், எடுத்தார்கள். ஒவ்வொருவனும் எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொம்பைப் பார்த்தான். சொம்பைக் கை மாற்றிப் பிடித்தேன். பித்தளை கனம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் அடியில் ஒரு சீட்டு மட்டும். யாரும் பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையும் இல்லை, மற்ற எட்டும் வெளியே வந்துவிட்டதே. கழுத்தளவு. எனக்கு வந்திருக்க வேண்டியது. மோசமில்லாத இடம். கார்த்திகையில் வெள்ளை இறால் ஒதுங்கும். இந்த வருஷம் யாரும் அங்கே வலை போட மாட்டார்கள், தண்ணீர் சும்மா நிற்கும். அப்படியே துணி கட்டித் தலைவர் வீட்டில் கொடுத்தேன். காவலும் போயிற்று.

திரும்பும்போது ஏ.ம. படகில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அக்கினிச்சடையன் யாரு?"

நிமிரவில்லை. "யாரு மாமா?"

"ஒண்ணுமில்ல. தெரிஞ்ச ஆளு. செத்துட்டான்."

ரெண்டு ஆணி கோணலாக இறங்கியது. அந்த அளவுக்காவது கேட்டது.

ஐப்பசி 28, வெள்ளி

இறால் ஓட ஆரம்பித்துவிட்டது. கரையெல்லாம் சத்தம், ஐஸ் வண்டி, பேரம். நான் வீட்டுக்குள். வலைக் கிழிசலைத் தைத்து முடித்தேன், இப்போது அவசரமே இல்லை, தையல் அருமையாக வந்தது.

பவானி போன்: "மாமா, நெட்லேர்ந்து எடுத்துடட்டா?"

"எடுத்தா எனக்குப் பாடு வந்துருமா?"

"வராது."

"அப்ப கெடக்கட்டும்."

"அந்த பிரேசில்காரன் நான் பொஸ்தகத்துல போட்ட படத்தப் பாத்து அவனும் வரைஞ்சி அனுப்பிக்கீறான். இறால் மேல மந்திரவாதி."

அனுப்பாதே என்றேன். அனுப்பிவிட்டாள். சடைகூடச் சரியாக வரைந்திருக்கிறான், மொழி தெரியாத மடையன். அழித்தேன்.

மல்லிகா விடியலில் ஓரத்துத் தண்ணீரில் கையால் இறால் தடவப் போகிறாள். அதற்குச் சீட்டு வேண்டியதில்லை. முட்டி வீங்கியிருக்கிறது. நானும் வருகிறேன் என்றேன். "ஊர் சிரிக்கும், வூட்லயே இரு." சக்கரவர்த்தி வீட்டிலேயே இருந்தார்.

ஐப்பசி 29, சனி

மாத்திரை வாங்கினேன்.

மத்தியானம் ஏ.ம. வந்தான். எவர்சில்வர் பேசின் நிறைய இறால். உள்ளங்கை நீளம், மீசை இன்னும் ஆடுகிறது. அம்மன் வாய் இறால். வாசலில் வைத்துவிட்டு, "அக்காவுக்கு" என்றான். என்னைத் தாண்டிச் சுவரிடம் சொன்னான். போய்விட்டான்.

மல்லிகா ஆய்ந்தாள், குழம்பு வைத்தாள். சாப்பிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். வாசனை வந்தது. சாப்பிட்டேன். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி. எழுதவே கேவலமாக இருக்கிறது, எழுதிவிட்டேன். அவள் வெறும் ரசம் ஊற்றிக்கொண்டாள். முதலில் கவனிக்கவில்லை.

ஐப்பசி 30, ஞாயிறு

தூறல். ஆட்டம் இல்லை. பாஷா மட்டும் வந்து, வாசலில் ஐந்து நிமிஷம் நின்று, ஐஸ் கரைகிறது என்று போனார்.

சாயங்காலம் மல்லிகா பேசினைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்ததையே தேய்த்தாள். முந்தானையில் துடைத்தாள். எங்கள் பக்கத்தில், வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. ஒரு பிடி அரிசி, ரெண்டு மிளகாய், ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கல் உப்பாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். சாவு வீட்டுக்கு மட்டும்தான் வெறும் பாத்திரம் போகும். அரிசிப் பானையை நானே எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தம்பி, என்ன இருந்தாலும்.

பானையைப் பார்க்கவில்லை. துடைத்த பேசினோடு நொண்டிக்கொண்டே இறங்கி நடந்தாள். நாலு வீடு தள்ளி அவன் வாசலில் வைப்பது இங்கிருந்தே தெரிந்தது. பேசினில் வெளிச்சம் பட்டது. அவன் பெண்டாட்டி வெளியே வந்து பேசினுக்குள் எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து மல்லிகாவைப் பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

மல்லிகா திரும்பி வந்து கால் கழுவினாள்.

"உள்ள இன்னா போட்ட?" என்று கேட்டேன்.

"மாத்திரை எங்க வச்ச?" என்றாள்.