என்ன கறி?

மேசை லாச்சியைத் துப்புரவு செய்தபோது உங்கள் பழைய ஹெட்போன் அகப்பட்டது. காதுப் பஞ்சில் தலையிடித் தைலத்தின் மணம் இன்னும் போகவில்லை. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. மீனவர் சங்கம் புதிதாக ஒன்று வாங்கித் தந்திருக்கிறது, அதில் மணமே இல்லை. மற்றப்படி கடலில் எல்லோரும் முன்னைப் போலவே எனக்கு விளங்காமல்தான் கதைக்கிறார்கள்.

துறைமுகத்தைப் பார்த்த அந்த ரேடியோ அறையில் எங்களுக்கு ஒரே வேலை. படகுகள் கூப்பிடும். சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும். ஊருக்கு ஊர் பேச்சு வேறு. கிண்ணியா நானா ஒரு தாளத்தில் பேசுவார், சல்லிக்காரர் இன்னொரு தாளத்தில். ஈச்சிலம்பற்றுக்காரர் வசனத்தின் கடைசியை விழுங்கிவிடுவார். நான் பழைய உரைநூல்களை அகராதியில்லாமல் வாசிக்கிறவன். ஆனால் கட்டைபறிச்சான் ஊர்ப் படகோட்டி ஒருவர் எஞ்சின் இரைச்சலுக்குள் நாலு வசனம் சொன்னால், "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று மூன்று தரம் கெஞ்சுவேன். பின்னேரம் மண்டை கனத்துவிடும். நீங்களோ பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "ஓம் நானா, விளங்குது" என்பீர்கள். ஒரே தரத்தில்.

அந்த 'விளங்குது'வை நான் வெறுத்தேன். இரவல் வாங்கக்கூடிய பொருளாக இருந்திருந்தால் வாங்கித் திருப்பித் தராமல் விட்டிருப்பேன்.

அதைவிட மோசம், விஷயத்துக்கு வருமுன் நீங்கள் எல்லோரிடமும் கேட்ட கேள்வி.

"நானா, இண்டைக்கு என்ன கறி?"

"பாரைதான் வேறென்ன. உங்கட ஊட்டுல?"

"எங்கட வீட்டில கத்தரிக்காய். கடலுக்கு வாறதுதான் புத்தி போல."

இவ்வளவும் முடிந்த பிறகுதான் காற்றும் மீனும். உங்களை எல்லோருக்கும் பிடித்ததற்கு இந்தச் சோற்றுக் கதைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். 'அங்கத்தவர் ஒருவர்' என்று ஒப்பமிட்டுச் செயலாளருக்கு ஒரு முறைப்பாடு தட்டச்சுச் செய்தேன். "ஆபத்துக்கு உதவவேண்டிய அலைவரிசை சமையல் குறிப்புகளால் நிரம்பி வழிகிறது" என்று தொடங்கும். மூன்று தரம் திருத்தினேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல உரைநடை எழுதியதில்லை.

செயலாளருக்கும் பிடித்துப்போய், அதைச் சுவரிலேயே ஒட்டி, கறி விசாரணையைத் தடை செய்தார். நீங்கள் நின்று முழுவதையும் வாசித்தீர்கள்.

"நல்ல தமிழ் காணும். ஆர் எழுதினது?"

"தெரியாது," என்றேன்.

அடுத்த மூன்று நாட்களும் நீங்களும் "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றீர்கள். எனக்கு அந்த நாட்களில் நன்றாகப் பசித்தது, நன்றாக நித்திரை வந்தது.

நான்காம் நாள் ஒரு படகின் எஞ்சின் நின்றுவிட்டது. சோளகக் காற்று அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஓட்டி எஞ்சினுக்குள் கையை விட்டிருந்ததால், மலையகத்திலிருந்து புதிதாகக் கடலுக்கு வந்த ஒருவர் மைக்கைப் பிடித்திருந்தார். படகு நின்ற இடத்தின் எண்களைப் பயத்தில் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களுக்கும் இல்லை. மூன்று தரம் கேட்டோம், மூன்று தரமும் இன்னும் வேகமாகச் சொன்னார். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். பிறகு என்னை.

"தம்பி, அதை விடுங்கோ. விடிய என்ன கறி வைச்சனீங்கள்?"



"சோறும் பருப்பும்தாங்க. கருவாடு பொரிச்சோம். அண்ணன் சாப்பிடல, எஞ்சின்கிட்டயே இருக்காரு."

நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். "சரி. இப்ப எண்ணைச் சொல்லுங்கோ."

சொன்னார். எழுதினீர்கள். மதியத்துக்குள் அந்தப் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

அன்றுதான் உங்களை நிமிர்ந்து பார்த்தேன். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. லாச்சியிலிருந்து தைலத்தை எடுத்து நெற்றிப்பொட்டில் தேய்த்தீர்கள். அதுவரை அதை முழங்காலுக்கு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கடலில பத்துப் பன்ரண்டு கறிதானே காணும். என்ன சொல்லப்போறார் எண்டு முந்தியே தெரியும். தெரிஞ்சதை அவர் எப்பிடிச் சொல்லுறார் எண்டு கேட்டு வைச்சா, தெரியாததும் பிடிபடும்."

"அப்ப லேசான வேலைதான்."

"லேசோ? பின்னேரம் வீட்டை போனா மனிசி சொல்லுறதே விளங்கிறேல்ல."

வரம் பெற்றவரைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுகம், நம்மில் பிழையில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து பாடுபட்டவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிவந்ததைத்தான் நான் உங்களுக்கு இன்னும் மன்னிக்கவில்லை. முறைப்பாட்டைச் சுவரிலிருந்து யாரோ கழற்றியிருந்தார்கள். நான் விசாரிக்கவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும் என்று தினமும் நினைத்தேன், தினமும் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

உங்கள் செத்தவீட்டுக்கு லிங்கநகர் வந்தபோது உங்கள் மனைவி அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துத் தந்தார்.

"இதை நீங்கள்தான் எழுதினனீங்கள் எண்டு இவர் சொன்னவர். வாசிக்கேக்க உங்கட குரல் கேட்டதாம்."

தட்டச்சில்கூட உங்களுக்குக் குரல் விளங்கியிருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை.

இப்போது நானும் எல்லோரிடமும் கேட்கிறேன், என்ன கறி என்று. பாதி நாட்களில் விளங்குகிறது. உங்கள் தைலத்தையே வாங்கி வைத்திருக்கிறேன். நேற்று அந்தக் கட்டைபறிச்சான் ஓட்டி திருப்பிக் கேட்டார், "உங்கட வீட்டில என்ன கறி?" என்னிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. முருங்கைக்காயும் இறாலும் என்று விரிவாகச் சொன்னேன்.

"விளங்கேல்ல ஐயா, இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார்.

உங்களிடம் அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.