ஆயுதப் பெட்டிக்கு அடியில் டைப் மிஷின்

1955 பிப்ரவரி 6, ஞாயிறு

காலையில் நல்ல பனி. மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து நேராகக் கடற்கரைத் தெருவுக்கு. எஞ்சினீர் முசே ஒருவர் வீட்டு ஏலம். பிரெஞ்சு ஆட்சி முடிந்ததால் அவர் போன வாரமே கப்பலேறிவிட்டார். வீடு நிறையச் சாமான், சொந்தக்காரர் இல்லை. படம் மாட்டியிருந்த இடமெல்லாம் சுவரில் வெள்ளைச் சதுரம்.

எடுத்தது:
கை ரம்பம் 2 (ஒன்றில் இரண்டு பல் இல்லை)
அரம், ஏழெட்டு
சின்ன இழைப்புளி 1. பிடி தேய்ந்து வழவழவென்று. அவர் கை இடக்கை போல.
மரப்பெட்டி 1, மேலே ஆணியும் திருகும்.

பெட்டி கனத்தது. ஆணிக்கு அந்தக் கனம் வராது. வேண்டிய சாமானை ஏலத்தில் பார்க்கவே கூடாது, பக்கத்தில் கிடப்பதைப் பார்க்க வேண்டும். ஓர் ஓட்டைக் குடையையே முறைத்துக்கொண்டு நின்று பெட்டியைக் கேட்டேன். வீட்டில் வந்து கொட்டினால், அடியில் எண்ணெய்த் துணி சுற்றிய டைப் மிஷின்! என் கண்ணை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு சங்கடம். மூன்று பேர் கூட்டு, எட்டு வருஷமாக. ஆயுதம், அதாவது தச்சுக் கருவி, எனக்கு. மரச்சாமான் காதர் பாய்க்கு. புத்தகம், காகிதம், டைப் மிஷின் எல்லாம் கந்தசாமிக்கு. ஒருவர் சரக்குக்கு இன்னொருவர் வாய் திறக்கக் கூடாது. காகிதத்தில் எழுதியதல்ல, வாய்ச்சொல். கந்தசாமி இன்று கடலூரில் கலியாணத்துக்குப் போயிருக்கிறார். காதர் பாயிடம் கேட்டேன். சிரித்தார்.

"பொட்டிக்குள்ள இருந்தா பொட்டி எடுத்தவனுக்கு. இதுக்கு இன்னா சவரி பஞ்சாயத்து?"

பிப்ரவரி 9, புதன்

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறல். பழைய பல் பிரஷால் எழுத்து எழுத்தாகத் தேய்த்தேன். ஒரு கம்பி வளைந்திருந்தது, நிமிர்த்தினேன். ரிப்பன் கந்தசாமி கடையிலிருந்து.

மிஷின் தங்கச்சிக்கு. பிலோமினா கான்வென்டில் படித்தவள், பிரெஞ்சு நன்றாக வரும், இங்கிலீஷும் சுமாராக. மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போய் சைகோனில் செத்து நாலு வருஷம். அதிலிருந்து என்னோடு இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குக் கலியாணம் ஆகவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பகலில் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். மதாமும் மார்ச் கடைசியில் பிரெஞ்சு தேசத்துக்குக் கப்பல். பிலோமினாவையும் கூடவே வரச் சொல்கிறாள். இங்கே சர்க்கார் ஆபீசில் இங்கிலீஷ் டைப் அடிக்க ஆள் கேட்கிறார்கள், மார்ச் 14 பரீட்சை.

"தேறிட்டா இருக்கேண்ணே. இல்லன்னா மதாமோட போறேன்" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

மதாம் வீட்டு நாற்காலியை ஏலம் போடுவார்கள், என் தங்கச்சியை மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். நல்ல நியாயம். போகக் கூடாது. இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, வியாழன்

ரம்பத்துக்குப் பல் தீட்டினேன். உப்பளம் ஆசாரி ஒருவர் வாங்கிப்போனார், ஆணியால் தட்டி ஓசை பார்த்துவிட்டு. விஷயம் தெரிந்தவர்.

வஞ்சிரம் நாலு துண்டு. செருப்புக்கு வார் போட வேண்டும்.

சாயங்காலம் வந்து விளக்கேற்றும் வரை பிலோமினா டைப் அடிக்கிறாள். மழை விட்ட பிறகு கூரை சொட்டுகிற மாதிரி முதலில். இப்போது வேகம் பிடித்துவிட்டது. விசைகளைப் பார்ப்பதே இல்லை. பக்கத்து அறையில் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போனதிலிருந்து இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல்தானே இருந்தது.

பிப்ரவரி 23, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தால் வாசலில் கந்தசாமி. மிஷினைப் பார்க்க வந்தாராம். மூடியைத் திறந்தார். மேல் வரிசையில் விரலை ஓட்டினார். பிறகு மெதுவாக,

"சவரி, பரீட்சை இங்கிலீஷ்லயா?"

"ஆமா."

"இது பிரெஞ்சு மிஷினாச்சே. மேல் வரிசையப் பாரு, ஏ, இஸட்னு போவுது. இங்கிலீஷ் மிஷின்ல க்யூ, டபிள்யூ. பல எழுத்து எடம் மாறி இருக்கும். இதுல பழகன வெரலு அதுல தப்புத்தப்பா அடிக்குமே!"

எனக்குத் தமிழ் தவிர வேறு எழுத்துத் தெரியாது. எழுத்து இருந்தால் போதும், அது எங்கே இருந்தால் என்ன என்று நினைத்தேன். திருகைத் தொட்டே எத்தனாம் நம்பர் என்பேன், ரம்பத்தின் ஓசையில் இரும்பைச் சொல்வேன். இதில் குருடன். தங்கச்சி கையை நானே கெடுத்தேன். பதினாலு நாள்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. இன்று எப்படியும் ஒருபொழுதுதான்.

பிப்ரவரி 25, வெள்ளி

பிலோமினாவிடம் சொன்னேன். "அப்படியா?" என்றாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் தேவலை.

மதாம் வீட்டில் ஓர் இங்கிலீஷ் மிஷின் இருக்கிறதாம். மதாமின் வீட்டுக்கார முசே மெட்ராஸ் கம்பெனிகளுக்குக் கடிதம் அடிப்பாராம். கேட்டு வாங்கு என்றேன்.

"சாமான் பட்டியல் ஏலக்காரர் கைக்குப் போயிட்ச்சிண்ணே. நான் போய்க் கேக்கமாட்டேன்."

ரோஷக்காரி. இருக்கட்டும். கந்தசாமியிடம் போனேன். கூட்டு வழக்கம் அதுதான்: அடுத்தவர் சரக்கு வேண்டுமென்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அவரே கேட்டு எடுத்துத் தருவார். அவர் முகம் சுருங்கியது. அந்த மிஷினை வில்லியனூர் டைப் ஸ்கூல்காரருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

"வாக்கு குடுத்துட்டேன் சவரி. வேற மிஷின் வரட்டும், ஒனக்குத்தான்."

வேறு மிஷின் எப்போது வரும்? பரீட்சை காத்திருக்குமா?

மார்ச் 6, ஞாயிறு

வெயில் ஆரம்பம். மதாம் வீட்டு ஏலம்.

கூடத்தில் எல்லாச் சாமான் மேலும் சாக்குக்கட்டியில் எழுதிய நம்பர். பிலோமினா மாடிப்படியில், குழந்தை இடுப்பில். குழந்தையின் தொட்டிலுக்கும் நம்பர். அதைக் காதர் பாய் எடுத்தார்.

எனக்கு மரத்தை இறுக்கிப் பிடிக்கிற பட்டறைப் பிடிகட்டை ஒன்று, சுத்தியல் மூன்று. யாரும் போட்டியில்லை. பிறகு டைப் மிஷின். கந்தசாமி விலை சொன்னார். ஏலக்காரர் சுற்றிப் பார்த்தார். வழக்கம்போல எல்லோரும் சும்மா.

நான் வாய் திறந்தேன்.

கந்தசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். கூட்டினார். நானும் கூட்டினேன். மூன்று முறை. கூடத்தில் அந்தச் சத்தம் மட்டும். பிறகு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அங்கிருந்த புத்தகம் எதையும் கேட்கவில்லை, அத்தனையும் கிடந்தது. மிஷின் எனக்கு.

காதர் பாய் பக்கத்தில் வந்து, "ஏன்யா இப்டி பண்ண?" என்றார்.  படியைப் பார்த்தேன். பிலோமினா அங்கே இல்லை.

மார்ச் 9, புதன்

கந்தசாமி கடையைத் தாண்டிப் போனேன். அவர் தலை நிமிரவில்லை. வில்லியனூர்க்காரர் அவரை என்ன கேட்டாரோ. எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. நான் செய்தது தப்பு. திரும்ப ஏலம் விட்டாலும் அதையேதான் செய்வேன். இரண்டும் உண்மை.

புது மிஷின் மேசையில். பிலோமினா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தட்டினாள், எழுந்து துணி மடிக்கப் போனாள். பழைய மிஷினில் இருந்த விறுவிறுப்பு இல்லை. விரல் குழம்புகிறது போல. பரீட்சைக்கு ஐந்து நாள்.

கிராம்புத் தைலம் வாங்க வேண்டும், பல்வலி.

மார்ச் 12, சனி

நேற்றும் இன்றும் அவள் மிஷின் பக்கம் போகவே இல்லை. மூடி திறக்காமல் கிடக்கிறது. கேட்டால், "வெரலு வலிக்குதுண்ணே." இழைப்புளிக்கு இரும்பு தீட்டினேன். கவனம் இல்லாமல் கட்டைவிரலில் வெட்டு.

மார்ச் 14, திங்கள்

எட்டு மணிக்கு உலையை நானே வைத்தேன். எட்டரைக்குப் புறப்பட வேண்டும். பிலோமினா குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, தயாராக. ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நேரமாச்சு" என்றேன்.

"அண்ணே, மொத நாளே தெரியும்."

"என்ன தெரியும்?"

"அது பிரெஞ்சு மிஷின்னு. மதாம் ஊட்ல ரெண்டு விதமும் பாத்திருக்கேனே. மூடியத் தொறந்ததுமே தெரிஞ்சிபோச்சி."

"ஏன் சொல்லல?"

"நீ பிரஷ்ஷ வெச்சி ஒவ்வொரு எழுத்தா தொடச்சிக்னு இருந்த. சொல்ல வாய் வரல." மூடிக் கிடந்த மிஷினைப் பார்த்தாள். "அப்புறம் அதுவும் நல்லதுன்னு தோணிச்சி. பரீட்சைல தேறாம போய்ட்டா, நான் போறேன்னு ஒங்கிட்ட நானா சொல்ல வேணாமில்ல. பரீட்சையே சொல்லிடும். நீ இந்த இங்கிலீஷ் மிஷின எடுத்தியா... நானே வாயத் தொறந்து சொல்றத விட்டா எனக்கு வேற வழியில்லாம போச்சி."

கட்டைவிரல் காயம் விண்ணென்று தெறித்தது.

"அந்தக் கொழந்தைக்காகவா?"

"இல்லண்ணே. இங்க நான் தெருவுல எறங்கினா சைகோன்ல செத்தவன் பொண்டாட்டி. கடைக்காரன், கோயில் சாமியார், எல்லாருக்கும் அதான். அங்க என்னைய யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் போறேன்."

எனக்கும்? நானும் அப்படித்தான் பார்த்தேனா? நாலு வருஷமாக இந்த வீட்டில் உரக்கப் பேசினால் அவள் மனசு நோகும் என்று நான்தான் மெல்லப் பேசிக்கொண்டிருந்தேன். அவளை ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிப்போனதில்லை. பத்திரமாக வைத்திருந்தேன், அவ்வளவே.

இரு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் இருந்துவிடுவாள். அதுதான் பயமாக இருந்தது.

மணி எட்டேகால். எட்டரை. எட்டே முக்கால்.

"போ, பிலோமினா. மதாமோட போ" என்றேன்.

அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். பட்டாளத்திலிருந்து தந்தி வந்த அன்றுகூட இப்படி அழுததில்லை. சோறு பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை. எழுந்து போய் இறக்கினேன்.