வெள்ளரி விதை கேட்டவள்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி,
14.10.1997

அன்புள்ள அம்மாவுக்கு வசந்தாமணி வணங்கி எழுதுவது. மருதமலை முருகன் அருளால் நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் தென்றலின் வகுப்பில் பெற்றோரும் வந்து உட்காரலாம் என்றார்கள். போயிருந்தேன். இங்கே சரித்திரத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படிப்பதில்லை. நூறு வருஷத்துக்கு முன் ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்த ஒருத்தி, தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தையே டீச்சர் வாசித்தார். 'நான் சௌக்கியம், கவலை வேண்டாம், வெள்ளரி விதை அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தாள்.

"இவள் எழுதாமல் விட்டது என்ன?" என்று டீச்சர் கேட்டார். நம் தென்றல் கையைத் தூக்கினாள். விதை இங்கேயே கடையில் கிடைத்திருக்கும், ஊரிலிருந்து ஏதாவது வரவேண்டும் என்றுதான் கேட்கிறாள், அவளுக்குப் பேச ஆளில்லை என்று இங்கிலீஷில் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது, கண்ணு?" என்று வரும் வழியில் கேட்டேன். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுண்டைக்காய் வற்றல் கால் கிலோ அனுப்புங்கள். பக்கத்து ஊரான எடிசனில் நம்மூர்க் கடையில் கிடைக்கிறதுதான். கணக்குப் பார்த்தால் தபால் செலவே அதைவிட அதிகம். இருந்தாலும் அனுப்புங்கள். விலாசத்தை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

ஸ்கூல் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
வசந்தாமணி