லூயி-பிளாங்கில் நின்ற பிக்கப்

யூன் 3, 2025
மகேந்திரராசாவுக்கு வீடியோ எடுக்கத் தெரியும். என்ஜினைப் பற்றி என்ன தெரியும்? சாப்பாட்டுக் கடையில் நாலு பேருக்கு முன்னால் சொல்கிறான்: "அண்ணையின்ரை அமெரிக்கன் பிக்கப் ஐம்பத்தாறாம் ஆண்டுச் சாமான். சாமத்திய வீட்டண்டு வழியிலை நிண்டால் ஆர் பொறுப்பு?"
நாலு வருடம், ஞாயிறு ஞாயிறாக, திரான்சி கராஜில் நானே கழற்றிப் பூட்டிய என்ஜின் அது. எட்டு சிலிண்டரிலும் அமுக்கம் ஒரே அளவு. வந்து அளந்து பார்க்கட்டுமே.

யூன் 7
ஒத்திகை. கரிகாலனின் மகள் லக்ஷனா பெரியபிள்ளையாகிவிட்டாள்; வருகிற சனி சாமத்திய வீடு. அவளைப் பிக்கப்பின் பின்தட்டில் நிற்க வைத்து எங்கள் தமிழ்க் கடைகள் உள்ள ரூ லூயி-பிளாங் தெரு முழுக்க ஊர்வலமாம். நடை வேகத்தில் போனால் பழைய என்ஜினுக்குக் காற்றுப் படாது, கார்பரேற்றரில் பெற்றோல் கொதிக்கும். அதற்கும் பெரிய விசிறி பூட்டிவிட்டேன்.
இறங்கும்போது, இது நடுவழியில் நின்றுபோகுமா என்று பிள்ளை பிரெஞ்சில் கேட்டது. பன்னிரண்டு வயது. அவளுமா? கால் மணி நேரம் நின்று விளக்கினேன். ஒருபோதும் நிற்காது என்றேன். முகம் செத்துப்போனது. நம்பவில்லைப்போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யூன் 13
என்ஜினை நிமிடத்துக்கு ஐந்நூற்றைம்பது சுற்றில் ஓடவிட்டு, அதன் மேலே தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

யூன் 14
முப்பத்துமூன்று பாகை வெயில். முன்னால் மேளம். என்ஜின் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன் — சந்தியில் அவளின் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர், பெடியன்களும்தான், போனைத் தூக்கிப் படம் எடுத்துச் சிரித்துக்கொண்டு கூடவே வருகிறார்கள். லக்ஷனா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.
"கையை எடு பிள்ளை, வீடியோ ஓடுது," என்றான் கரிகாலன்.
இன்னும் முந்நூறு மீற்றர்.
மடையன் நான். அவள் சந்தேகத்தில் கேட்கவில்லை. நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டல்லவா கேட்டிருக்கிறாள். தகப்பனுக்குக் கண் இல்லையோ? பெத்த பிள்ளை அழுகிறது, இவருக்கு வீடியோ கேக்குதோ?
சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினேன். மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு, சூடு ஏறிவிட்டது என்றேன். பத்து நிமிடம் பார்த்தார்கள். பிறகு தாய் தன் காரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போய்விட்டா.

யூன் 16
மகேந்திரராசா ஒரு கடை விடாமல் சொல்லித் திரிகிறான். கார்த்திகையில் ஒரு கலியாணத்துக்குப் பிக்கப்பைப் பேசியிருந்தவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.
கரிகாலன் கராஜுக்கே வந்து நின்றான். மூடியைத் திறந்து, விசிறியைச் சுற்றிப் பார்த்தான். "எல்லாம் புதுசாக் கிடக்கு. அப்ப என்ன பிழை அண்ணை?"
உண்மை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி பிள்ளையிடம்தான் போகும்.
"எனக்கே விளங்கேல்லைத் தம்பி," என்றேன்.
இருபத்தாறு வருட மெக்கானிக் வேலையில் ஒருவருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை.