சர்டிபிகேட்டு இல்லாதவன் வரைந்த வீடு

அனுப்புநர்:
அ. ஜெயபாலன்,
வீட்டுப் பிளான் வரைபவர்,
சந்தைப் பின்தெரு, ஈப்போ.

பெறுநர்:
கனம் பொருந்திய
வீட்டுப் பிளான் அனுமதி அதிகாரி துரை அவர்கள்,
ஈப்போ.

பொருள்: சங்க மெம்பர் பதவியும் சர்டிபிகேட்டும் இல்லாமையால் என் தொழில் நின்றுபோனது குறித்தும், பத்து காஜா சாலையில் உள்ள ஒரு வீட்டுக்குக் கதவு வேண்டியும்.

மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு,

1. நான் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இஞ்சினீயர் துரையிடம் பிளான் வரையக் கற்றவன். அவர் சீமைக்குத் திரும்பிய பின் ஈப்போவுக்கு வந்து, தமிழர் குடும்பங்களுக்கு வீட்டுப் பிளான் போட்டுக் கொடுத்துப் பிழைத்து வந்தேன்.

2. சென்ற வருஷம் முதல், பதிவு பெற்றவர் கையெழுத்தில்லாத பிளான் ஏற்கப்படுவதில்லை. பதிவுக்கு மனுச் செய்தேன். அங்கீகாரமுள்ள சங்கத்தில் மெம்பராக இருக்க வேண்டும் என்றார்கள். சங்கத்துக்கு எழுதினேன். என் வேலையை அறிந்த மெம்பர்கள் இருவர் சிபாரிசு செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. என் வேலையை அறிந்தவர் இஞ்சினீயர் துரை ஒருவரே. அவருக்குப் போட்ட கடிதம், அவர் காலமாகிவிட்டார் என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

3. இவ்வூரில் சர்டிபிகேட்டுப் பெற்ற கனவான் ஒருவர் தொழில் தொடங்கியிருக்கிறார். அவர் மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை. அவர் தம் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து போட்டுக்கொள்கிறார். அதைப் பார்த்தே ஜனங்கள் அவரிடம் போகிறார்கள். மளிகைக்கடை அப்பாவு முன்பு கட்டிய வீடு நான் வரைந்தது. இப்போது மகளுக்குக் கட்டும் வீட்டுக்கு என்னிடம் வரவில்லை. கோயிலில் கண்டபோது அவரே சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. வீட்டை யாரு வரைஞ்சதுன்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்கிறாங்க. சர்டிபிகேட்டு உள்ள ஆளு பேரைச் சொன்னாத்தான் மதிப்பா இருக்குது. நான் என்ன செய்யிறது லா?” அவர் சொன்னதில் தவறு காண எனக்கு வழியில்லை. என் மனைவி கருப்பம்மாள் காலைதோறும் வரைபலகையைத் துடைத்து வைக்கிறாள். அதன்முன் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

4. இவ்வளவும் என் சொந்தக் கஷ்டம். இனிச் சொல்வது இன்னொருவருடையது. காலஞ்சென்ற துணி வியாபாரியின் மனைவி ஜொஹரா பீவி என்பவர் பத்து காஜா சாலையில் வீடு கட்ட என்னைக் கூப்பிட்டார். திரைக்குப் பின்னிருந்து தமக்கு வேண்டியதைச் சொன்னார். ஆண்கள் இருக்கும் கூடத்தைக் கடக்காமல், பெண்கள் சமையலறையிலிருந்து நேரே கிணற்றுக்குப் போக வேண்டும். அது ஒன்றுதான் அவர் வற்புறுத்திக் கேட்டது. அப்படியே வரைந்தேன். கையெழுத்துக் குறையால் பிளான் திரும்பிவிட்டது. அவருடைய தம்பி முகம்மது கௌஸ் மேற்படி கனவானிடம் போனார். கனவான் கௌஸிடம் மட்டுமே பேசிப் புதிதாக வரைந்தார். அதில் அந்த வழி இல்லை. பீவி அறியாமலே சுவரும் எழும்பிவிட்டது.

5. சென்ற மாதம் அந்த அம்மாள் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். திரைக்குப் பின்னிருந்து அழுதுகொண்டே சொன்னார்: “கூடத்துல ஆம்பளைங்க எந்திரிச்சுப் போற வரைக்கும் நாங்க குடத்தோட அடுப்படியில நிக்கணுமா அண்ணே? ஒரே ஒரு கதவு. வச்சுக் குடுங்க.” கனவானிடம் போய்ச் சொல்லும்படி கௌஸைக் கேட்டேன். அவர் மறுத்தார். “சர்டிபிகேட்டு வாங்கினவரு போட்டதுல நாம குத்தம் சொல்லலாமா ராத்தா?” என்று அக்காளிடமே திருப்பிக் கேட்டார்.

6. அந்த வீட்டில் வேலை செய்த கொத்தனார் பத்துமலை கடப்பாரையோடு வந்து நின்றார். “எந்த இடம்னு கையைக் காட்டுங்கண்ணே, இப்பவே உடைச்சிடுறேன்” என்றார். அனுமதியில்லாமல் சுவரை உடைப்பது குற்றம். அனுமதிக்குப் பிளான் வேண்டும்; பிளானுக்குக் கையெழுத்து வேண்டும். கதவு எங்கே வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கையைத் தூக்காமல் நின்றேன். திரைக்குப் பின்னால் அந்த அம்மாள் காத்திருந்தார். வெளியே வந்துவிட்டேன்.

7. ஆகையால், மெம்பராவதற்குச் சங்கம் வைக்கும் பரீட்சையை இவ்வூரிலேயே எழுத எனக்கு இடம் தரும்படி தாங்கள் சிபாரிசு செய்ய வேண்டுகிறேன். தேறாவிட்டால் மறுபடி கேட்கமாட்டேன். பரீட்சை இயலாதென்றால், என் பழைய பிளான்களைத் தாங்களாவது ஒருமுறை பார்வையிட வேண்டுகிறேன். அதுவும் விதிக்கு ஒவ்வாதென்றால் இவ்விரண்டையும் தள்ளிவிடுங்கள். வருத்தப்பட்டாலும் மறுத்து எழுத மாட்டேன்.

ஆனால் அந்தச் சமையலறைச் சுவரை மட்டும் யாரேனும் ஓர் உத்தியோகஸ்தரை அனுப்பிப் பார்க்கச் செய்யுங்கள். வருகிறவர் தயவுசெய்து கௌஸை அல்ல, அந்த அம்மாளைக் கேட்கட்டும். கதவுக்கான பிளானை இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்கள் விரும்பும் எவர் பெயரிலும் அதற்கு உத்தரவு கொடுக்கலாம். வரைந்தவன் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

தங்கள் தயவை எதிர்பார்க்கும்,

அ. ஜெயபாலன்
(கையொப்பம்)

இடம்: ஈப்போ
தேதி: 14 ஆகஸ்டு 1928