பாலத்தடியில் கேட்ட பாடம்

நேற்று மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கி மழைக்கோட்டை எடுத்தேன். நனைந்து காய்ந்த வாடை குப்பென்று வந்தது. உடனே நீ பின்னால் ஏறிக்கொண்டு, "மெதுவா போடி, நான் பரீட்சை எழுதணும்" என்பது போலவே இருந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. தனியாகப் போனாலும் இன்னும் உனக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன்.

நாற்பது தாண்டிய பிறகு உனக்குக் காலேஜ் ஆசை வந்ததைக் கேட்டு எஸ்டேட்டே சிரித்தது. அதில் உன் சிநேகிதி என் சிரிப்புத்தான் சத்தம் அதிகம். பாலர் பள்ளி டீச்சர் ஆக வேண்டும் என்றாய். செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கிய கை, சனிக்கிழமைகளில் பேனா பிடித்தது. கோலா பிலாவிலிருந்து சிரம்பானுக்கு என் மோட்டாரில்தான் சவாரி. மூணாங்கிளாசோடு நின்ற நான் டிரைவர், நீ மாணவி!

முதல் பரீட்சையில் தோற்றாய். அடுத்ததிலும் தோற்றால் காலேஜில் இடமில்லை என்றார்கள். அந்த வாரம் திரும்பும்போது மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கினோம்.

"இன்னைக்கு என்னடி சொன்னாங்க?" என்றேன்.

நோட்டை எடுத்து வாசித்தாய். லெக்சரர் தும்மியதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

"டேப்பு மாதிரி ஓடாத லா. மூடிட்டுச் சொல்லு."

மூடினாய். "எழுதுற அவசரத்துல ஒன்னுமே காதுல விழலடி" என்று அழுதாய். எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேலி வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் கோடு போட்டிருந்தாய். ஒரு பாதியில் நாலைந்து சொல், தமிழும் மலாயும் கலந்து, உன் சொந்தச் சொல். மறு பாதி காலி. மழையே இல்லை, ஆனாலும் பாலத்தடியில் நிறுத்தச் சொன்னாய். நோட்டை மூடிவிட்டு, வயிற்றிலிருக்கும் பிள்ளை அம்மாவின் குரலைக் கேட்கும், பிறந்ததும் அந்தக் குரலைத் தேடும் என்றாய். லாரிகள் இரைந்துகொண்டு போயின. மூன்று பிள்ளை பெற்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அடிப்பாவி, அப்போ நான் மாமியார திட்டினதெல்லாம் கேட்டிருக்குமா?"

"அதான் உன் பிள்ளைங்க இப்படி லா!"

நான் திருதிருவென்று விழித்த இடத்திலெல்லாம் காலிப் பாதியில் ஒரு கேள்வியை எழுதினாய். மறுவாரம் கையைத் தூக்கி லெக்சரரிடமே கேட்டாய். "உன் மண்டைக்குள்ள போனா எவ மண்டைக்குள்ளயும் போவும்" என்பாய். மரியாதை கெட்டவள்! ஆனால் தேறினாய். எஸ்டேட் பிள்ளைகள் உன்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டபோதெல்லாம் நானும் திரும்பிப் பார்த்தேன்.

நேற்று கிளினிக்கில் டாக்டர் என் வீட்டுக்காரருக்கு இன்சுலின் ஊசி பற்றி விளக்கினார். நான் ஒரு தாளை நடுவில் மடித்துக்கொண்டேன். கோணல் எழுத்தில் நாலே சொல். மிச்ச நேரமெல்லாம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் மழைக்கு ஒதுங்கியபோது, தாளைப் பைக்குள் வைத்துவிட்டு எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், தடங்கல் இல்லாமல் வந்தது.

"சாப்பிடாத அன்னிக்கும் போடணுமா?" என்றார்.

தெரியவில்லை. காலிப் பாதியில் அதை எழுதிக்கொண்டு, கொட்டுகிற மழையிலேயே மோட்டாரைக் கிளினிக்குக்குத் திருப்பினேன்.