எல்லா ரெப்போவுக்கும் ஒரே கட்டளை

பிப்ரவரி 7, வெள்ளி

“ஒரே பாடம்தானே டீச்சர், அதுக்கு எதுக்கு ஏழு ரெப்போ?” என்று ஜெகதாப்பட்டினம் பள்ளி ஆசிரியை செவந்தி ஒருமுறை கேட்டாள். அறிவியலுக்காக நான் எழுதிய பயிற்சி நிரல், பள்ளிக்கு ஒரு ரெப்போவாக, அதாவது மாற்றங்களின் வரலாறு உள்ள தனிக் கோப்புறையாக, என் லேப்டாப்பில் இருக்கிறது. வெப்பத்தை விளக்கப் பொன்னமராவதிக்கு நெல் அவிக்கும் அண்டா போதும். ஜெகதாப்பட்டினத்துக்கு மீன் வைக்கும் ஐஸ் பெட்டி வேண்டும். அவரவர்க்கு அவரவர் உதாரணம். ஓய்வு பெற்றும் இந்தப் பிரசங்கம் என்னை விடவில்லை.

ஏழையும் ஒரே வரியில் புதுப்பிக்கும் கட்டளையை இன்று எழுதி முடித்தேன். ஒரு என்டர், ஏழும் வரிசையில் நிற்கின்றன. என் வகுப்பு எதுவும் இப்படி நின்றதில்லை.

பிப்ரவரி 8, சனி

ஜெகதாப்பட்டினத்திலிருந்து செவந்தி வந்தாள். திங்களன்று அவள் வகுப்பைப் பார்க்க அதிகாரி வருகிறார். போன முறை “பிள்ளைகள் வாய் திறக்கவில்லை” என்று எழுதிப் போனவர். மாலை வரை என் லேப்டாப்பில் ஐஸ் கணக்குகளைச் சேர்த்தாள்.

“சேவ் பண்ணிட்டேன் டீச்சர், வாரேன்.”

பிப்ரவரி 9, ஞாயிறு

போச்சு, செவந்தியின் ஐஸ் கணக்குகள் மொத்தமும்.

காலையில் ஒரு பிழையைத் திருத்திவிட்டு ஏழுக்கும் கட்டளையை ஓட்டினேன். கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் அழித்துவிடு — இந்த வரியை எழுதியவளும் நானே. சேவ் என்பது விடைத்தாளில் எழுதுவது. கமிட் என்பது அதைக் கையில் ஒப்படைப்பது. செவந்தி ஒப்படைக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஏன் பாக்காம தட்டினேன்?

ஏழும் சுத்தமாக இருக்கின்றன. ரொம்பச் சுத்தம்.

செவந்தியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள், “அவரவர்க்கு அவரவர் உதாரணம்னீங்களே டீச்சர், அதுல நான் சேத்தி இல்லையா?”

என் வீட்டுக்காரர் ரெங்கராஜ் வேறு: “இங்கிட்டு ஒக்காந்தே ஜெகதாப்பட்டினம் வரைக்கும் கூட்டிப் பெருக்கிட்டியே!”

பிப்ரவரி 10, திங்கள்

மாலையில் செவந்தியே அழைத்தாள். கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லையாம். துறைமுகத்தில் ஒரு ஐஸ் கட்டி வாங்கிவந்து மேசையில் வைத்தாளாம். “மரத்தூள் போட்டா ஏன் சீக்கிரம் கரையலன்னுதான் கேட்டேன். பிள்ளைக வாய மூடவே இல்ல டீச்சர். அதிகாரி, இதையே எல்லா ஸ்கூலுக்கும் ஒரே மாதிரி போட்டுரலாங்கிறார். வேணாம் சார், எங்க டீச்சர் நேத்துதான் போட்டுப் பாத்தாங்கன்னேன்.”

பிப்ரவரி 15, சனி

அழிக்கும் வரியை எடுத்துவிட்டேன். செவந்தி இப்போது பள்ளியிலிருந்தே கமிட் செய்கிறாள். இன்றைய கமிட்டுக்கு அவள் எழுதிய குறிப்பு: “ஐஸ் பாடம். டீச்சர், கை வைக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க.”

போன் போட்டுக் கேட்டேன். “இப்ப வைங்க” என்றாள்.

பல ரெப்போ வைத்திருப்பவர் எவரும் என்டரைத் தட்டும் முன், ஒவ்வொன்றிலும் கமிட் ஆகாதது எதுவெனக் காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்து, வருவதைப் படித்துப் பார்க்கவும்.